யோசெமிட்டி மலைக்காட்டில் இரவு தங்க: பர்மிட் எடுப்பதிலிருந்து இறங்கி வரும் நாள் வரை

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் காரில் போய் அருவியைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். சாலையை விட்டு விலகி, முதுகில் கூடாரத்தையும் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு மலைக்குள் நடந்து தங்குவது வேறு கதை. அதற்கு வில்டர்னஸ் பர்மிட் வேண்டும். ஓர் இரவு தங்கினாலும் வேண்டும், ஆண்டின் எந்த மாதத்திலும் வேண்டும். பகலில் போய் அன்றே திரும்பும் நடைக்குத் தேவையில்லை. ஹாஃப் டோம் என்ற பெரும்பாறையின் உச்சி மட்டும் விதிவிலக்கு, அங்கே பகல் நடைக்கும் தனி பர்மிட் உண்டு.

நடப்பதைவிட இந்த பர்மிட் எடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் திணறுகிறார்கள். எப்போது விண்ணப்பிப்பது, எதைத் தேர்ந்தெடுப்பது, யார் பெயரில் எடுப்பது என்று ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. வரிசையாகப் பார்ப்போம். கட்டணங்களும் விதிகளும் அவ்வப்போது மாறும். பணம் கட்டுமுன் பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

யோசெமிட்டியில் இரண்டு உலகங்கள் உண்டு. அருவிகள் இருக்கும் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி. டயோகா சாலை வழியாக ஏறினால் வரும் டுவாலமி மெடோஸ் சுமார் 8,600 அடி. நல்ல நடைபாதைகளில் பெரும்பகுதி இந்த மேல்பகுதியில்தான் தொடங்குகின்றன. டயோகா சாலையோ நவம்பர் வாக்கில் பனியால் மூடப்பட்டு, மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். பனி அதிகமாகப் பெய்த 2023இல் ஜூலை 22 வரை திறக்கவில்லை. அதனால் ஜூன் மாதத்துக்கு டுவாலமியை நம்பித் திட்டம் போடாதீர்கள். சாலை திறந்தாலும் பாதையில் பனி கிடக்கும், ஓடைகளில் பனி உருகிய நீர் இடுப்பளவு வரும்.

ஜூலையில் பூக்களும் பச்சைப் புல்வெளியும் அழகு. கூடவே கொசுவும் படை படையாக வரும். தலைக்கு மாட்டும் கொசுவலை இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஆகஸ்டில் கொசு குறையும், மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரலாம், காட்டுத்தீப் புகையும் சூழலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது செப்டம்பர் முதல் பாதி. கொசு இருக்காது, ஆறுகள் அடங்கியிருக்கும், பள்ளிகள் திறந்துவிடுவதால் போட்டியும் சற்றுக் குறையும். இரவில் உறைநிலைக்குக் கீழே போகக்கூடும். அதற்கு உடை எடுத்துக்கொண்டால் போதும்.

ஏப்ரல் கடைசி, மே மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் மேலே போக நினைக்காமல் ஹெட்ச் ஹெச்சி பக்கம் போங்கள். அது தாழ்வான பகுதி, அருவிகள் நிறைந்து கொட்டும் காலம் அதுவே. கோடையில் அங்கே வெயில் தாங்காது.

2. எங்கே தொடங்குவீர்கள்: பர்மிட்டின் உயிர் இதில் இருக்கிறது

புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. இந்த பர்மிட் ஒரு முகாமிடத்துக்கான முன்பதிவு அல்ல. ஒவ்வொரு டிரெயில்ஹெட்டிலும், அதாவது பாதை தொடங்கும் இடத்திலும், ஒரு நாளில் இத்தனை பேர்தான் சுமையோடு உள்ளே நுழையலாம் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். நீங்கள் எடுப்பது அந்த எண்ணிக்கையில் உங்கள் குழுவுக்கான இடத்தை. எந்த நாள், எந்த டிரெயில்ஹெட் என்ற இரண்டும் பர்மிட்டில் எழுதப்பட்டுவிடும். அந்த நாளில் அந்த இடத்தில்தான் நுழைய வேண்டும். முதல் இரவுக்குப் பிறகு எங்கே தங்குவது என்பதில் பெரும்பாலும் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு.

ஆகவே 'யோசெமிட்டிக்கு பர்மிட் கிடைக்குமா' என்று கேட்பதில் பயனில்லை. 'இந்தத் தேதியில் இந்தப் பாதைக்குக் கிடைக்குமா' என்று கேட்க வேண்டும். புகழ்பெற்ற ஒரே பாதையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. மூன்று நான்கு பாதைகளை ஏற்றுக்கொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடுகிறது.

முதல்முறைக்கு ஏற்ற சில:

லயல் கேன்யன். டுவாலமியில் தொடங்கி ஆற்றை ஒட்டியே சுமார் எட்டு மைல் கிட்டத்தட்டச் சமதரையில் போகும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஜான் முயர் நெடும்பாதையும் இதே வழியாகத்தான் போகிறது, அதனால் விண்ணப்பிக்கும்போது வரும் டிரெயில்ஹெட் பட்டியலில் டோனஹியூ கணவாயைக் கடப்பவர்களுக்கென்று தனித் தெரிவு இருக்கும். கடும் போட்டி அந்தத் தெரிவுக்குத்தான். நீங்கள் கணவாயைத் தாண்டப் போவதில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். தேவையில்லாமல் அதைத் தேர்ந்தெடுத்துத் தோற்றுப்போகிறவர்கள் நிறைய.

கிளென் ஆலின். டுவாலமியிலிருந்து சுமார் ஆறு மைல், ஆறும் சிற்றருவிகளும் கூடவே வரும். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம் என்பதை நினைவில் வைத்துக் கடைசி நாளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

லிட்டில் யோசெமிட்டி வேலி. பள்ளத்தாக்கின் ஹாப்பி ஐல்ஸில் தொடங்கி வெர்னல், நெவாடா அருவிகளைக் கடந்து நாலரை மைல் அளவில் வரும். ஏற்றம் சுமார் 2,000 அடி, சுமையோடு போனால் மூச்சு வாங்கும். கழிப்பறை வசதி உண்டு. ஹாஃப் டோம் போக நினைக்கிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்பதால் கிடைப்பது அரிது. இந்த டிரெயில்ஹெட்டில் பர்மிட் எடுத்தால் முதல் இரவு அந்த இடத்திலேயே தங்கியாக வேண்டும்.

ரான்சேரியா ஃபால்ஸ். ஹெட்ச் ஹெச்சி அணையிலிருந்து சுமார் ஆறரை மைல். வசந்த காலத்துக்கு உகந்தது. ஹெட்ச் ஹெச்சி சாலையின் கதவு பகலில்தான் திறந்திருக்கும். இரவு ஓட்டிக்கொண்டு போனால் வெளியேதான் நிற்க வேண்டும்.

எங்கே தொடங்கினாலும் குறைந்தபட்சத் தூர விதி ஒன்று உண்டு. யோசெமிட்டி வேலி, டுவாலமி மெடோஸ், ஹெட்ச் ஹெச்சி, வவோனா, கிளேசியர் பாயிண்ட் ஆகிய மக்கள் புழங்கும் இடங்களிலிருந்து நான்கு மைல், எந்தச் சாலையிலிருந்தும் ஒரு மைல் தள்ளிப் போன பிறகே கூடாரம் போடலாம். லயல் கேன்யன் சமதரைதானே, இரண்டு மைல் போய்ப் படுத்துவிடலாம் என்று மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டில் நடக்க வேண்டிவரும்.

குழுவின் அளவும் முக்கியம். பாதையில் போகும் குழுவில் அதிகபட்சம் 15 பேர் என்பது விதி. நடைமுறையில் பத்துப் பேருக்கு ஒன்றாக இடம் கிடைப்பது மிகக் கடினம். கைக்குழந்தையானாலும் ஓர் ஆள் கணக்கு. இரண்டு முதல் நான்கு பேர் என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

3. இருபத்துநான்கு வாரம் முன்னால்: குலுக்கல்

ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் முடியத் தொடங்கும் பயணங்களுக்கு முன்பதிவு உண்டு. ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு டிரெயில்ஹெட்டின் இடங்களில் 60 சதவீதம் குலுக்கலில் போகிறது, மீதி 40 சதவீதம் பயணத்துக்கு ஏழு நாள் முன்னால் திறக்கப்படுகிறது.

குலுக்கல் வாரக் கணக்கில் நடக்கும். நீங்கள் தொடங்கும் வாரத்துக்கு 24 வாரம் முன்னால் விண்ணப்ப வாரம் வரும். ஞாயிறு நள்ளிரவு கழிந்ததும் திறந்து சனி நள்ளிரவுக்கு முன் மூடும். ஜூலை நடுவில் தொடங்க வேண்டுமானால் ஜனவரி கடைசி வாரத்தில் விண்ணப்பம். செப்டம்பர் முதல் வாரத்துக்கு மார்ச் நடுவில். எந்த வாரத்துக்கு எப்போது என்ற அட்டவணை பூங்காவின் தளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து இப்போதே தொலைபேசி நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

அந்த ஏழு நாளுக்குள் ஞாயிறு விண்ணப்பித்தாலும் வெள்ளி விண்ணப்பித்தாலும் வாய்ப்பு ஒன்றுதான், நள்ளிரவில் விழித்திருக்க வேண்டாம். அந்த நேரத்தைத் தெரிவுகளை நிரப்புவதில் செலவிடுங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல தெரிவுகள் கொடுக்கலாம். ஒரே டிரெயில்ஹெட்டை வாரத்தின் பல நாட்களுக்கும், பிறகு வேறு டிரெயில்ஹெட்டுகளையும் போடுங்கள். வெள்ளி, சனியில் தொடங்கத்தான் எல்லோரும் கேட்பார்கள். ஞாயிறு முதல் புதன் வரை தொடங்க முடிந்தால் வாய்ப்பு கணிசமாகக் கூடும். இரண்டு நாள் விடுப்பு அதிகம் எடுக்க வேண்டியிருக்கும், எடுக்கலாம்.

முடிவு அடுத்த திங்களன்று மின்னஞ்சலில் வரும். கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து சும்மா இருந்துவிடாதீர்கள். வியாழன் இரவுக்குள் தளத்தில் நுழைந்து ஏற்றுக்கொண்டு பணம் கட்டினால்தான் அது உங்களுடையது. மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்து கைவிட்டுப் போனவர்கள் உண்டு. மின்னஞ்சலை எதிர்பார்க்காமல் திங்கள் மாலை தளத்திலேயே போய்ப் பாருங்கள். யாரும் ஏற்காமல் விட்டவையும் குலுக்கலில் போகாதவையும் அந்த வெள்ளி காலை 9 மணிக்குப் பொதுவில் திறக்கும். பலருக்கும் இது தெரியாது. குலுக்கலில் தோற்றவர்கள் கட்டாயம் அந்த நேரத்தில் உட்கார வேண்டும். நேரம் எல்லாம் பசிஃபிக் நேரம். டெக்சஸிலோ நியூஜெர்சியிலோ இருந்து விண்ணப்பிப்பவர்கள் மாற்றிக் கணக்கிடுங்கள்.

ஹாஃப் டோம் ஏற வேண்டுமென்றால் அதையும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துக் கேளுங்கள். ஒரு நாளில் 300 பேர்தான் இரும்பு வடத்தைப் பிடித்து ஏறலாம். அதில் சுமையோடு தங்கிப் போகிறவர்களுக்கு 75 இடம். வடங்கள் மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும், அதுவும் நிலவரத்தைப் பொறுத்தது. உங்கள் பாதை அந்தப் பக்கமே போகாதபோது கேட்டால் தரமாட்டார்கள்.

4. குலுக்கலில் விழாவிட்டால்: ஏழு நாள் முன்னால்

மீதி 40 சதவீதம் பயண நாளுக்குச் சரியாக ஏழு நாள் முன்னால் காலை 7 மணிக்கு அதே தளத்தில் திறக்கும். புதனன்று தொடங்க வேண்டுமானால் முந்தைய புதன் காலை. இங்கே வேகம்தான் முக்கியம். முந்தைய இரவே கணக்கு திறந்து, அட்டை விவரம் சேர்த்து, குழுவின் எண்ணிக்கையை முடிவு செய்து வையுங்கள். ஆறு ஐம்பதுக்கு உள்ளே நுழைந்து, விரும்பும் டிரெயில்ஹெட்டின் வரியைத் திரையில் வைத்திருங்கள். ஏழு மணிக்குப் பக்கத்தைப் புதுப்பித்து உடனே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தெரிவு போய்விட்டால் அதையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காமல் இரண்டாவதற்குத் தாவுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் லயல் கேன்யனையும் இன்னொருவர் கிளென் ஆலினையும் பார்ப்பது நல்லது. ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவர் விட்டுவிட வேண்டும்.

அப்போதும் கிடைக்காவிட்டால் அடுத்த சில நாட்கள் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ரத்து செய்பவர்களின் இடங்கள் திரும்ப வரும். பயணத்துக்கு மூன்று நாள் முன்புவரைதான் இணையத்தில் எடுக்க முடியும். நேரில் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி ஐந்து மணி நேரம் காரோட்டிப் போகாதீர்கள். உங்கள் திட்டம் மாறினால் உடனே ரத்து செய்யுங்கள். நீங்கள் சும்மா வைத்திருக்கும் இடத்துக்காக இன்னொரு குடும்பம் தினமும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

5. செலவும் ஆவணமும்

விண்ணப்பக் கட்டணம் 10 டாலர், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பாது. கிடைத்தால் ஆளுக்கு 5 டாலர். ஹாஃப் டோம் சேர்த்தால் ஆளுக்கு இன்னும் 10. பூங்கா நுழைவு ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். பர்மிட் இருக்கிறது என்பதால் இது தள்ளுபடி ஆகாது. பர்மிட் உள்ளவர்களுக்கான முகாமிடமான பேக்பேக்கர்ஸ் கேம்ப்கிரவுண்டில் தங்கினால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 8 டாலர். நான்கு பேர் ஒரு காரில், முந்தைய ஓர் இரவு கேம்ப்கிரவுண்டில் தங்கிப் போனால்: பர்மிட் 30, நுழைவு 35, முகாம் 32, மொத்தம் 97 டாலர். பெட்ரோலும் சாப்பாடும் வாடகைப் பொருட்களும் தனி.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையோ அண்ணன் தம்பியையோ அழைத்துப் போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் ஆனால், யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் நுழைவுக் கட்டணம் வந்திருக்கிறது. வெளிநாட்டவருக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர். அமெரிக்க வாசிகளுக்கு அதே பாஸ் 80 டாலர். வாசலில் அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஒளிப்பட அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் கார் நுழையவே நேர முன்பதிவு வைக்கிறார்கள். அப்படி இருந்தால் உங்கள் வில்டர்னஸ் பர்மிட்டே அதற்குப் போதுமா என்று தளத்தில் பாருங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பர்மிட் குழுத்தலைவர் பெயரில் இருக்கும், அவரே ஒளிப்பட அடையாளத்தோடு நேரில் வந்து வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் முன்னும் பின்னும் மாறியிருக்கும், இணையக் கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். கையில் எடுத்துப் போகப்போகும் அட்டையில் உள்ளபடியே கணக்கின் பெயரை முதலிலேயே திருத்திக்கொள்ளுங்கள். வராமல் போகக்கூடிய ஆளின் பெயரில் விண்ணப்பிக்காதீர்கள். பர்மிட்டைப் பிறருக்கு மாற்ற முடியாது. விண்ணப்பத்தில் மாற்றுத் தலைவர் பெயரைச் சேர்க்க இடம் இருந்தால் தவறாமல் நிரப்புங்கள்.

6. கரடி டப்பாவும் சாப்பாடும்

யோசெமிட்டி மலைக்காடு முழுவதும் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவில் வைப்பது கட்டாயம். மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிடுவது இங்கே சட்டவிரோதம். கரடிகள் அதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. துணிப்பை வகைகளையும் ஏற்கமாட்டார்கள். டப்பாவை, பர்மிட் வழங்கும் பூங்கா அலுவலகமான வில்டர்னஸ் சென்டரில் சிறு வாடகைக்கு எடுக்கலாம், விமானத்தில் வருகிறவர்களுக்கு அதுவே வசதி. சொந்தமாக வாங்குவதானால் பேர்வால்ட் பி.வி.500 பரவலாகப் பயன்படுவது: 11.5 லிட்டர் கொள்ளும், எடை ஒன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வாங்குமுன் உங்கள் முதுகுப்பைக்குள் அது நுழையுமா என்று பாருங்கள். சிறிய பைகளில் குறுக்காகப் போகாது.

டப்பாவுக்குள் போக வேண்டியது சாப்பாடு மட்டுமல்ல. பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுத் தைலம், சோப்பு, குப்பை என மணம் உள்ள எல்லாமே. இதை மறந்து சாப்பாட்டாலேயே டப்பாவை நிரப்பிவிட்டு மாலையில் பற்பசைக்கு இடமில்லாமல் விழிப்பது வழக்கமான காட்சி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் உலர் உணவு என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு இரண்டு இரவுக்கு இரண்டு டப்பா இறுக்கமாகப் போகும். மூன்று இருந்தால் நிம்மதி. முதல் நாள் மதியச் சாப்பாட்டை வெளியே வைத்து வழியிலேயே முடித்துவிடலாம். சப்பாத்திச் சுருளோ புளியோதரையோ அதற்கு நல்லது.

சமையலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டுவாலமி உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரம் பிடிக்கும், துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேகவே வேகாது, கேஸ் தீர்ந்துபோகும். அதனால் வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற வகை உணவாக எடுத்துப் போங்கள். மெல்லிய அவல், நெய்யில் வறுத்து தாளிப்பும் சேர்த்து வைத்த ரவை, வறுத்த சேமியா, சத்துமாவு, ஆயத்த ரசப்பொடி. வீட்டிலேயே ஒரு வேளைக்கு ஒரு பை என்று ஜிப் பையில் பிரித்து, எவ்வளவு தண்ணீர் என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். கண்ணாடிப் பாட்டில் ஊறுகாய் வேண்டாம். பருப்புப்பொடியும் சிறு பொட்டலம் நெய்யும் போதும். எண்ணெய் கசிந்தால் பை முழுவதும் மணக்கும், மணந்தால் கரடி வரும்.

அளவாகச் சமைப்பது இங்கே சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. மிச்சத்தைக் கொட்ட முடியாது, புதைக்க முடியாது, திரும்பச் சுமந்து வர வேண்டும்.

அடுப்புக்கு ஐசோபியூட்டேன் கேஸ் குப்பி. 100 கிராம் குப்பி காற்று அடிக்கும் இடத்தில் ஐந்தாறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். நான்கு பேருக்கு 230 கிராம் குப்பி எடுங்கள். இதை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுவர முடியாது, இறங்கிய பின் வாங்க வேண்டும். விறகுத் தீயை நம்பாதீர்கள். 9,600 அடிக்கு மேல் எப்போதும் தடை, கீழேயும் ஏற்கனவே உள்ள கல்வட்டங்களில் மட்டும்தான், கோடையில் அதுவும் நிறுத்தப்படலாம்.

கரடியை விரட்டும் மிளகாய்ச் சாரல் குப்பி யோசெமிட்டியில் தடை செய்யப்பட்டது, வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

7. சுமை

முழுச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்றுக்குள் இருக்கட்டும். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடியில் போடும் மெத்தை ஆகிய மூன்றும்தான் அதிகக் கனம். முதல்முறைக்கு இவற்றை வாடகைக்கு எடுங்கள், ஆர்.இ.ஐ கடைகள் பலவற்றில் கிடைக்கும், கோடை வார இறுதிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக் உறைநிலைக்குச் சற்றுக் கீழே தாங்குவதாக இருக்கட்டும். மெத்தையை விட்டுவிட்டு எடையைக் குறைக்க நினைப்பவர்கள் இரவெல்லாம் தரைக்குளிரில் நடுங்குவார்கள்.

பருத்தி உடை நனைந்தால் காயாது. ஜீன்ஸும் பருத்தி டி-ஷர்ட்டும் காரிலேயே இருக்கட்டும். மழைச்சட்டை ஒன்று வானிலை நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்க வேண்டும். புதுக் காலணியை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் நடந்து பழகுங்கள்.

ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும், ஜியார்டியா கிருமி வயிற்றைப் பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் பாட்டில், குழுவுக்கு ஒரு வடிகட்டி, அது அடைத்துக்கொண்டால் உதவ மாத்திரைகள். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று. வரைபடம் தாளிலும் இருக்கட்டும்.

8. பர்மிட்டைக் கையில் வாங்கும் நாள்

இணையத்தில் கிடைத்தது முன்பதிவுதான். உண்மையான பர்மிட்டைத் தொடங்கும் நாளிலோ முந்தைய நாளிலோ வில்டர்னஸ் சென்டரில் வாங்க வேண்டும். தொடங்கும் நாள் காலை 10 மணிக்குள் வராவிட்டால் உங்கள் இடம் மற்றவர்களுக்குப் போய்விடும். தாமதமாகும் என்று தெரிந்தால் அதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும். மலைச்சாலையில் சிக்னல் கிடைக்காது, ஆகவே நகரத்தை விட்டுக் கிளம்புமுன்பே பேசிவிடுங்கள்.

பே ஏரியாவிலிருந்து சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி பத்து மணிக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போடுவார்கள். சான் ஹோசேயிலிருந்து வழியில் நிற்காமல் நான்கு மணி நேரம். வாசலில் கோடைகால வரிசை, உள்ளே நிறுத்த இடம் தேடுவது எல்லாம் சேர்ந்தால் கணக்கு தப்பும். முந்தைய நாள் மாலை சென்டர் மூடுமுன் போய் பர்மிட்டை வாங்கி, பேக்பேக்கர்ஸ் கேம்ப்கிரவுண்டில் படுப்பதே சரியான வழி. பர்மிட் உள்ளவர்கள் பயணத்துக்கு முன் ஓர் இரவும் பின் ஓர் இரவும் தனி முன்பதிவு இல்லாமல் அங்கே தங்கலாம். டுவாலமியில் தங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகவும் அந்த இரவு உதவும்.

ரேஞ்சரிடம் கேட்க வேண்டியவை: பாதையில் பனி உண்டா, எந்த ஓடை ஆழம், தண்ணீர் எங்கே வற்றியிருக்கிறது, கரடி நடமாட்டம் எங்கே, தீத்தடை உண்டா. அன்றைய நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

காரில் ஓர் உணவுப் பொட்டலம்கூட இரவில் இருக்கக் கூடாது, குழந்தை இருக்கையில் சிந்திய பிஸ்கட் தூள் உட்பட. கரடி கதவைப் பிய்த்துவிடும், அபராதமும் உண்டு. டிரெயில்ஹெட்டில் உள்ள இரும்பு அலமாரியில் வையுங்கள். பெட்ரோலை நகரத்திலேயே நிரப்பிவிடுங்கள். பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் நிலையம் இல்லை.

9. உள்ளே

கூடாரம் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 100 அடி தள்ளி, ஏற்கனவே பலர் படுத்த வெறும் தரையில் அல்லது பாறையில். புல்வெளியில் போடாதீர்கள், மலைப்புல் ஒருமுறை நசுங்கினால் மீள ஆண்டுகள் பிடிக்கும். கரடி டப்பாவைப் பூட்டி, கூடாரத்திலிருந்து நூறடி தள்ளித் தரையில் வையுங்கள். ஆற்றங்கரையிலோ சரிவின் விளிம்பிலோ வைத்தால் கரடி உருட்டிவிடும். அதன் மேல் கயிறு கட்டாதீர்கள், கரடி கயிற்றைப் பிடித்து இழுத்துப் போய்விடும்.

மலம் கழிக்க ஆறு அங்குலக் குழி, தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் நூறடி தள்ளி. கழிப்பறைத் தாளைப் புதைக்கக் கூடாது, இரட்டைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும். தண்ணீரால் கழுவும் பழக்கம் இங்கே பெரிய வசதி: ஒரு சிறு பாட்டிலோடு குழிக்கு மேலேயே முடித்துவிட்டால் சுமந்து வரத் தாளே இருக்காது. கைக்குச் சானிடைசர். பாத்திரம் கழுவிய நீரையும் ஆற்றில் விடாமல் தள்ளிப் போய் மண்ணில் சிதறவிடுங்கள்.

தலைவலியும் குமட்டலும் வந்தால் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தும் குறையாவிட்டால், நடை தடுமாறினால், உடனே கீழே இறங்குங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாதீர்கள்.

ஓடைகளை விடியற்காலையில் கடப்பது பாதுகாப்பு. பகலெல்லாம் பனி உருகுவதால் மாலையில் நீர் ஏறியிருக்கும். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை உங்களை அமுக்காமல் இருக்கும். அருவிக்கு மேலே உள்ள குளங்களில் இறங்கவே கூடாது, மேற்பரப்பு அமைதியாகத் தெரிந்தாலும். ஹாஃப் டோம் ஏறுகிறவர்கள் மதியத்துக்கு முன் இறங்கிவிட வேண்டும். பாறை நனைந்திருந்தாலோ தூரத்தில் இடி கேட்டாலோ வடத்தைத் தொடாமல் திரும்புங்கள், எத்தனை மாதம் காத்திருந்து பர்மிட் கிடைத்திருந்தாலும்.

10. இறங்கிய பின்

கிளம்புமுன் ஊரில் ஒருவரிடம் எந்த டிரெயில்ஹெட், எந்தப் பாதை, காரின் எண், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் பூங்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சிக்னல் வந்த முதல் இடத்தில் அவருக்குச் செய்தி அனுப்புங்கள். இதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினால் ரேஞ்சர்கள் உங்களைத் தேடி மலையேறுவார்கள்.

வாடகை டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். வில்டர்னஸ் சென்டர் மூடியிருந்தால் எங்கே வைத்துவிட்டுப் போவது என்று எடுக்கும்போதே கேட்டுவையுங்கள். காலி கேஸ் குப்பியைச் சாதாரணக் குப்பையில் போடாமல் பூங்காவின் மறுசுழற்சித் தொட்டியில் போட வேண்டும். சோர்வு அதிகமாக இருந்தால் அன்றே காரெடுக்காதீர்கள். பர்மிட்டின்படி இன்னோர் இரவு கேம்ப்கிரவுண்டில் உங்களுக்கு இடம் உண்டு, ஆளுக்கு 8 டாலர்தான்.